நாலாவதாக வந்தவள் அம்மாவுக்கு எழுதுவது

அம்மா, என் அம்மா,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கடிதம் எழுதுகிற அளவுக்கு நான் உங்களை விட்டுத் தூரமாக இருந்ததில்லை. சுருவிலிலிருந்து இறுப்பிட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும், மனம் சரியில்லாவிட்டால் ஒரு பஸ் பிடித்து உங்கள் குசினிக்குள் வந்து குந்திக்கொள்வேன். இப்போது நீங்கள் போயிருக்கிற இடத்துக்குப் பஸ்ஸும் இல்லை, வள்ளமும் இல்லை. அதனால் எழுத வேண்டியதாகப் போய்விட்டது.

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. தம்பி வந்து சொன்னான்: "அக்கா, அம்மாவுக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிப்பம். நீங்கள் ரெண்டு வரி எழுதித் தாங்கோ." ரெண்டு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? அவன் கேட்டதைவிட இது நீளம்தான். அச்சுக்காரனோடு அவனே சண்டை பிடிக்கட்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அம்மா. செத்தவரைப் பாட்டாகப் பாடி, புத்தகமாக அடித்து, சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் கையில் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம்தானே. உங்களைப் பாடியவர் உங்களைக் கண்ணாலும் கண்டதில்லை. ‘பொய்யறியா நாவினாள்’ என்று எழுதியிருந்தார். மாமி அந்த இடத்தை உரத்து வாசித்துவிட்டு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நீங்கள் பொய் சொன்னீர்கள் அம்மா. ஒரே ஒரு பொய். அதை எனக்காகச் சொன்னீர்கள். "ஆருக்கும் மூச்சு விடாதை" என்று நயினாதீவு அம்மாளின் மேல் என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை நான் அதைக் காப்பாற்றினேன். இன்றைக்கு எல்லோரும் கேட்கச் சொல்லப் போகிறேன். கோபிக்காமல் கடைசிவரை கேளுங்கள்.

எங்கள் வளவு உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனால் இதை வாசிப்பவர்களுக்குத் தெரியாதே. ஐயா, அதாவது என் தகப்பன், தெற்கே கடை வைத்திருந்தார். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார். ஒரு வேலி தள்ளி அடுத்த வீட்டில் அவருடைய அக்கா, என் மாமி. மாமியின் மூக்குக்குத் தெரியாமல் எங்கள் வளவில் ஒரு முருங்கைக்காய் காய்த்ததில்லை. நீங்கள் இருவரும் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. ஒருநாளும் மனம் விட்டுப் பேசினதும் இல்லை.

நான் ஓடத் தொடங்கியது பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில். பிறகு வட்டாரத்தில் வென்றேன், மாவட்டத்தில் வென்றேன். இருநூற்றிருபது யார் தூர ஓட்டம். வெறுங்காலோடு, பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த தரவையில்தான் பழகினேன். கடல் தண்ணீர் வற்றி வெடித்துக் கிடக்கிற அந்தத் தரையில் ஓடினவளுக்கு எந்த மைதானமும் மெத்தைதான். நீங்கள் ஆட்டைக் கட்ட வருகிற சாட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஆடு தன்பாட்டில் வேறெங்கோ மேய்ந்துகொண்டிருக்கும்.

கொழும்பில் நடக்கும் அகில இலங்கைப் போட்டிக்கு என்னைத் தெரிவு செய்திருப்பதாகச் சொல்ல விளையாட்டு ரீச்சர் வீட்டுக்கே வந்தார். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை கொழும்பு வரைக்கும் ஓட வேணுமோ?"

"கொழும்பு வரைக்கும் றெயினிலைதான் போறாள், மச்சாள். அங்கை போய்த்தான் ஓடுவாள்," என்றீர்கள் நீங்கள். ரீச்சர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் சிரித்தார்.

அன்றிலிருந்து காலையில் எனக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பின்னேரத்தில் உளுத்தங்களி. உடம்பைத் தேற்றச் சொல்லி ரீச்சர் சொன்னது முட்டையை மட்டும்தான். நல்லெண்ணெயும் களியும் உங்கள் சொந்தப் புத்தி. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவேன். கோழிகூட என்னைக் கண்டால் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

புறப்பட நாலைந்து நாள் இருக்கும்போது, காலையில் கிணற்றடிக்குப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தேன். நீங்கள் அடுப்புக்கு முன்னால் இருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் உங்களுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப?"

"இப்பத்தான்."

"ஆரும் கண்டதோ?"

"இல்லை."

எழும்பிப் போய் மாமி வீட்டுப் பக்கத்தை எட்டிப் பார்த்தீர்கள். திரும்பி வந்து, அடுப்பு விறகை உள்ளே தள்ளிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"ஓட ஏலுமோ?"

அம்மா, வயதுக்கு வந்து பெரியபிள்ளையான மகளிடம் எங்கள் தீவில் எந்தத் தாயும் கேட்டிருக்காத கேள்வி அது. கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிட்டு, தாய்மாமன் வந்து தேங்காய் உடைத்து, தண்ணீர் வார்த்து, அறைக்குள் ஒரு மூலையில் இருத்தி, சடங்கு முடியுமட்டும் வெளி ஆண்பிள்ளை முகம் காட்டாமல் வைத்திருக்க வேண்டிய பிள்ளை நான். துடக்கோடு, அந்தத் தீட்டோடு, குசினி வாசலில் நிற்பதே பிழை. நீங்கள் என்னிடம் ஓட முடியுமா என்று கேட்டீர்கள்.

நான் "ஓம்" என்றேன்.

"அப்ப ஆருக்கும் மூச்சு விடாதை. கொப்பருக்கும் சொல்லாதை, கொம்மானுக்கும் சொல்லாதை. போய் ஓடிட்டு வா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"பாவம் இல்லையோ அம்மா?"

நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "என்னையும் இப்பிடித்தான் ஒருநாள் இருத்தினவை. ஏழாம் வகுப்புப் படிச்சுக்கொண்டு இருந்தனான். கணக்கிலை நான்தான் முதலாம் பிள்ளை. அதுக்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகேல்லை." அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அதைப் பற்றி நீங்கள் பேசிக் கேட்டதில்லை.

அந்த நாட்களை எப்படிக் கடத்தினீர்கள்? பழைய வேட்டியைக் கிழித்து மடித்துத் தந்தீர்கள். விடியுமுன்னே வடலிப் பனைகளுக்குப் பின்னால் வைத்து எனக்குத் தண்ணீர் வார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தார் தந்த வெள்ளைக் காற்சட்டையை வைத்துவிட்டு, மெஷினில் கடும் நீலத்தில் ஒன்று தைத்தீர்கள். "வெள்ளை கெதியிலை ஊத்தையாகிப் போகும் ரீச்சர்" என்று சொன்னபோது ரீச்சர் உங்கள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "நீலம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் உங்களைக் காப்பாற்றியது அந்த முட்டைதான் அம்மா. பெரியபிள்ளையானவளுக்குக் கொடுக்கிற சாப்பாடும் அதுதானே. ஓடுகிறவளுக்கு என்று சொல்லி முன்னமே தொடங்கிவிட்டதால், வீட்டில் ஒன்றுமே மாறவில்லை. மாமி ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்து, "இதென்ன, பெரியபிள்ளையானவளுக்குக் குடுக்கிற மாதிரி முட்டையும் நல்லெண்ணெயும் குடுக்கிறாய்?" என்று கேட்டார். என் தொண்டையில் முட்டை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் கண்ணும் வெட்டாமல், "எலும்பு எல்லாருக்கும் எலும்புதானே மச்சாள்" என்றீர்கள்.

புறப்படுகிற அன்று மாமி குளித்து முழுகி, வெள்ளைச் சேலை கட்டி, அருச்சனைத் தட்டோடு வந்து நின்றார். என்னைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கும்பிடுவித்து அனுப்ப வேண்டுமாம். துடக்கோடு நான் கோயில் படி மிதிப்பதா? உங்கள் முகம் ஒரு கணம் வெளுத்துப் போனது. பிறகு, "பஸ் விட்டிடும் மச்சாள், பிள்ளையார் இஞ்சையும் இருப்பார்" என்று சொல்லி, அவருடைய தட்டிலிருந்த தேங்காயை எடுத்து வாசல் படலையடிக் கல்லில் நீங்களே உடைத்தீர்கள். உள்ளங்கையில் ஏந்திய இளநீரை என் உச்சியில் தெளித்தீர்கள்.

பயணத்துக்கு உடைத்த தேங்காய் என்று மாமி நினைத்தார். தாய்மாமன் உடைக்க வேண்டிய தேங்காய் அது, தண்ணீர் வார்வையும் அதுதான் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்த இளநீரின் குளிர் இன்னும் என் உச்சியில் இருக்கிறது.

கொழும்பு மைதானத்தைப் பற்றி உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. புல் தரை, சுண்ணாம்புக் கோடு, பாண்ட் வாத்தியம், பெரிய பெரிய பள்ளிக்கூடங்களின் கொடி. மற்றப் பிள்ளைகள் ஆணிச் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். நான் வெறுங்காலோடு போய் நிற்க, பக்கத்தில் நின்றவள் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் சிநேகிதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். ஏளனமோ இரக்கமோ தெரியாது. முதற்சுற்றில் அவளுக்கு என் முதுகைத்தான் காட்டினேன்.

இறுதிச் சுற்றில் அடிவயிறு பிசைந்தது. வளைவில் திரும்பும்போது கால் இழுத்தது. கடைசி நீட்டத்தில் மூன்றாவதாகப் போனவளின் தோளைத் தொடுகிற தூரம்வரை வந்தேன். தொட முடியவில்லை. நாலாவது. நாலாவதாக வந்தவளுக்கு மேடையும் இல்லை, பதக்கமும் இல்லை. றெயின் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆனையிறவுவரை அழுதேன். நீங்கள் செய்த அவ்வளவும் வீணாகப் போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

படலையில் நின்றீர்கள். மாமி வந்து சேருவதற்குள் என் காதுக்குள் கேட்டீர்கள்: "வயித்துக்குத்து இருந்ததோ?"

"கொஞ்சம். அம்மா, நான் நாலாவதுதான்."

"எதுக்குள்ளை நாலாவது?"

"முழு இலங்கைக்குள்ளையும்."

கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, என் தலையைத் தடவி, "அது காணும், அது போதும்" என்றீர்கள். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு இதுவரை ஒருவரும் தந்ததில்லை.

அடுத்த நாள் காலை வேலிக்கு மேலால் கூப்பிட்டீர்கள்: "மச்சாள், ஒருக்கால் ஓடி வாங்கோ. பிள்ளை பெரியபிள்ளையாகிட்டாள்." மாமி விழுந்தடித்து வந்தார். "நல்ல காலம், கொழும்பிலை வைச்சு ஆகாமல் விட்டுது. அம்மாள்தான் காப்பாத்தினவ" என்றார். ஐயாவுக்குத் தந்தி போனது. மாமா வந்து இரண்டாவது தேங்காயை உடைத்தார். என்னை மூலையில் இருத்தினார்கள். பழையபடி பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் வந்தன. நீங்கள் என்னைப் பார்க்க, நான் உங்களைப் பார்க்க, இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

சாத்திரியார் வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. பிள்ளை பெரியபிள்ளையான நேரத்தை வைத்துத்தான் அவளுடைய கலியாணம், பிள்ளை, ஆயுள் எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில் கணிப்பார்கள். அவர் நேரம் கேட்டார். நீங்கள் பொய் நேரத்தைச் சொன்னீர்கள். கணித்துப் பார்த்துவிட்டு, "நல்ல நேரமப்பா. பிள்ளைச் செல்வம் நிறைஞ்ச பலன்" என்றார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வெற்றிலைத் தட்டை நீட்டிய உங்கள் முகம் மட்டும் இருண்டு போனது. அவர் சொன்னது வேறு யாருடைய பலனையோ என்று உங்களுக்குத் தெரியுமே.

அதற்குப் பிறகு ஐயா என்னை ஓட விடவில்லை. கொழும்பில் ஓடினது அந்த ஒருமுறைதான். ஆனால் விளையாட்டு ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, நேர்முகத்தில் இருந்தவர் ‘அகில இலங்கையில் நாலாம் இடம்’ என்ற வரியில் விரலை வைத்து, "இது நீரோ?" என்று நிமிர்ந்து பார்த்தார். நான் சாப்பிடுகிற சோறு அந்த வரியில் இருந்து வந்தது. இதை உங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். உங்கள் காது அதைக் கேட்டதே தவிர, மனம் கேட்கவில்லை.

ஏனென்றால் எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

என் கணவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை, அதை நீங்களும் அறிவீர்கள். புகுந்த வீட்டார் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பொய்தான் காரணம் என்று நீங்கள் சொல்லாமல் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை. வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒடியல் கூழை விட்டீர்கள். ஆண்டுதோறும் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போய், கொதிக்கிற வெயிலில் வீதி முழுக்க விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழித்தீர்கள். முழங்காலும் நெற்றியும் தோலுரிந்து வருவீர்கள். "ஏனம்மா இதெல்லாம்?" என்று கேட்டால், "சும்மா ஒரு நேர்த்திக்கடன்" என்பீர்கள். யாருக்குக் காட்டுகிறீர்கள் இந்தப் பொய்யை? எனக்குத் தெரியாதா?

கடைசியில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அந்தப் பின்னேரம். உங்களுக்குத் தலை வாரி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்த நீங்கள் திடீரென்று சொன்னீர்கள்: "உன்னை நான் ஓட விட்டிருக்கக் கூடாது, பிள்ளை."

நான் வாயைத் திறக்கிறேன், பார்க்க வந்தவர்கள் போகிற மணி அடிக்கிறது. நேர்ஸ் வாசலில் வந்து நிற்கிறார். கடைசி பஸ்ஸும் நிற்கிறது. நாளைக்கு வந்து ஆறுதலாகச் சொல்வோம் என்று உங்கள் கையை அழுத்திவிட்டு வந்தேன். மறுநாள் நான் வரும்போது கட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

ஒரு வருடமாக அந்தப் பதில் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது அம்மா. கொள்ளி வைத்த அன்றும் கிடந்தது, அந்தியேட்டி அன்றும் கிடந்தது. மைதானத்தில் விசில் ஊதும்போதுகூட நினைவு வந்து, நடுவில் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி, உங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று.

இந்த முறை என்னிடம் பழகுகிற பிள்ளை ஒருத்தியை அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவு செய்தார்கள். அவளுடைய பெயரைச் சொல்ல மாட்டேன், ஊரையும் சொல்ல மாட்டேன். ஓடினாளா, பாய்ந்தாளா, எறிந்தாளா என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஒரு நூல் கிடைத்தால் சேலையையே உரிந்துவிடுகிற சனம் எங்கள் சனம். புறப்படுகிற வாரத்தில் அவளுடைய தாய் என் வீட்டுக்கு வந்தா. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"ரீச்சர், பிள்ளைக்கு... இண்டைக்கு விடிய."

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவளுக்கும்தான். தகப்பன் சவூதியிலை. மாமியாருக்குத் தெரிஞ்சால் இண்டைக்கே இருத்திப் போடுவா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "அவள் அழுதுகொண்டு கிடக்கிறாள். விடட்டோ ரீச்சர்? விட்டால் பிள்ளைக்கு ஏதும் வருமோ?"

அம்மா, எனக்கு முன்னால் நீங்கள்தான் நின்றீர்கள். அதே பயம், அதே மெல்லிய குரல். உங்களுக்கு அன்றைக்குக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இந்தத் தாய்க்கு நான் இருந்தேன். சத்தியத்தை முறித்தேன். முட்டையிலிருந்து படலையடித் தேங்காய்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாய் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டா. முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டா.

"உங்கடை அம்மா பிறகு எப்பவாவது கவலைப்பட்டவவோ? ஓட விட்டதுக்கு?"

ஆஸ்பத்திரிக் கட்டில் என் கண்முன் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் மூலையில் இருத்துவார்கள். உங்கள் கண்ணைப் போல என் கண்ணும் அன்றைக்கு வெட்டவில்லை.

"ஒருநாளும் இல்லை," என்றேன்.

பிள்ளை போனாள். ஒரு இடமும் கிடைக்கவில்லை. நாலாவதுகூட இல்லை. வரும்போது றெயினில் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தடுக்கவில்லை. பஸ்ஸடியில் தாய் நின்றா. ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டா. பிறகு வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. சாத்திரியாரும் வந்தார்.

அந்தத் தாயும் இதை வாசிப்பா. நான் சொன்னது பொய் என்று இப்போது தெரிந்துவிடும். தெரியட்டும். தெரியாமல் விட்டால், நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் தன்னால்தான் என்று தனிய இருந்து உருகத் தொடங்கிவிடுவா. உங்களைத் தின்றது அந்தப் பொய் இல்லை அம்மா, அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததுதான். அதனால்தான் ஊர் கேட்கச் சொல்கிறேன். மாமியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கட்டும்.

இப்போது என் பதிலைக் கேளுங்கள். மணி அடிக்காத இடத்தில்தானே இருக்கிறீர்கள். என்னை ஓட விட்டது சரி. பிள்ளை இல்லாதது எனக்குத் துக்கம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் துக்கத்துக்கும் நீங்கள் சொன்ன நேரத்துக்கும் ஒரு தொடுப்பும் இல்லை. நீங்கள் மூலையில் இருந்து எழும்பவில்லை. நான் எழும்பினேன். உங்கள் தோளில் காலை வைத்துத்தான் எழும்பினேன்.

வருகிற திருவிழாவுக்கு நயினாதீவுக்குப் போவேன். பிள்ளை கேட்டுப் போக மாட்டேன். அம்மாளின் முன்னால் நின்று, நான் பெரியபிள்ளையான உண்மை நாளையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லி, உங்கள் நேர்த்தியை அன்றோடு முடித்துவைப்பேன். இது சத்தியம். இந்தச் சத்தியத்தை முறிக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். ஒருநாளும் கவலைப்படவில்லை என்று ஒரு தாயிடம் உங்களுக்காகச் சொல்லிவிட்டேன். இனியாவது கவலைப்படாமல் இருங்கோ. என்னைப் பொய்க்காரி ஆக்காதேங்கோ, அம்மா.

முழு இலங்கைக்குள்ளும் நாலாவதாக வந்த,
உங்கள் மகள்
யோகம்